நாடகக் குழுவில் உழைத்தவர்களுக்கு எப்படி மரியாதை செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் நாடகம் போட்டால், பாராட்டு நிகழ்ச்சியை வேறொரு நாளுக்குத் தள்ளாதீர்கள். கடைசிக் காட்சி முடிந்து கூட்டம் கலைவதற்குள் அதே மேடையில் செய்துவிடுங்கள், ஏனென்றால் விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களை இன்னொரு ராத்திரி வரச் சொல்வது நியாயமில்லை.

பெயர்களை முதல் ஒத்திகையிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். திரை இழுத்தவர், சேலைகளைத் தேய்த்துக் கொடுத்த அக்கா, பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கிய அண்ணன், இவர்கள்தான் எப்போதும் விடுபட்டுப் போகிறவர்கள். அதனால் முதலில் இவர்களைக் கூப்பிடுங்கள். நடிகர்கள் அப்புறம் வரட்டும், அவர்களுக்குக் கைதட்டல் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கூப்பிடும்போது வெறுமனே ‘ஒத்துழைப்புக்கு நன்றி’ என்றால் போதாது. ‘கரண்ட் போனபோது மேடை ஓரத்தில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றவர்’ என்று செய்த வேலையைச் சொல்லுங்கள், சபையே திரும்பிப் பார்க்கும்.

பொன்னாடை எல்லோருக்கும் ஒரே தரத்தில் எடுங்கள். வந்த பிரமுகருக்கு ஆளுயர மாலை, உழைத்தவருக்குச் சின்னத் துண்டு என்றால் மனசு வலிக்கும்.

சான்றிதழில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும், அச்சுக்குப் போகுமுன் அவரவரிடம் காட்டிச் சரிபாருங்கள். வர முடியாதவர் வீட்டுக்கு மறுநாளே இரண்டு பேர் நேரில் போய்க் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி முடித்துவிடாதீர்கள்.