மரத்தில் பல்கலைக்கழகக் கட்டடம்: வரைபடத்திலிருந்து கூரை வரை

மரக் கட்டடத்தில் பாதி வேலை வரைபடத்திலேயே முடிந்துவிட வேண்டும். சி.எல்.டி. பலகைகள் (மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையால் ஒட்டிய பெரிய பலகைகள்) தொழிற்சாலையில் துளையோடு வெட்டப்பட்டு வருகின்றன. குழாய், மின்கம்பி, ஏசி குழல் போகும் வழிகளை ஆர்டருக்கு முன்பே முடிவு செய்யுங்கள். தளத்தில் போடும் ஒவ்வொரு புதுத் துளைக்கும் பொறியாளர் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும்.

கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2017-இல் திறந்த 18 மாடி விடுதியில் தரைத்தளமும் லிஃப்ட், படிக்கட்டுக் கூண்டுகளும் கான்கிரீட். மேலே 17 மாடி மரச் சட்டகம் 70 நாளுக்குள் ஏறியது. அங்கே தூண்கள் 2.85 × 4 மீட்டர் இடைவெளியில் நிற்பதால் விட்டமே தேவைப்படவில்லை. விடுதி அறைக்கு அது சரி. வகுப்பறைக்கு நடுவில் தூண் நிற்கக் கூடாதே! அங்கே குளூலாம் (மரச்சட்டங்களை ஒரே திசையில் அடுக்கிப் பசையால் ஒட்டியது) விட்டம் வையுங்கள். தூண்களுக்கு இடையே அகலம் கூடக்கூடத் தளத்தின் வலிமையை விட, நடக்கும்போது வரும் அதிர்வுதான் தடிமனைத் தீர்மானிக்கும்.

தூண் சுமையைப் பலகை வழியாக இறக்காதீர்கள். இழைக்குக் குறுக்கே மரம் நசுங்கும், காயும்போது சுருங்கும். மாடிக்குச் சில மில்லிமீட்டர் என்றாலும் உச்சியில் குழாய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். மேல் தூண் எஃகு இணைப்பு வழியாக நேரே கீழ்த் தூணின் மேல் அமர வேண்டும்.

தீக்கணக்கு எளிது. குளூலாம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ. கரியும். 60 நிமிடத்துக்கு 42 மி.மீ.; சூட்டில் வலுவிழக்கும் 7 மி.மீ. சேர்த்தால் பக்கத்துக்கு 49. நாலு பக்கமும் தீ படும் 300 மி.மீ. தூணை 202 மி.மீ. என்றே கணக்கிடுங்கள். எஃகு இணைப்பையும் அந்த 49 மி.மீ.-ஐத் தாண்டி மரத்துக்குள் புதையுங்கள்.

உண்மையான எதிரி மழைதான். பலகை சுமார் 12% ஈரப்பதத்தில் வரும். வெட்டு முனைகளைத் தொழிற்சாலையிலேயே மெழுகி அடைக்கச் சொல்லுங்கள். மூட்டுகளைப் பொருத்திய அன்றே டேப் ஒட்டுங்கள். தேங்கிய நீரை உடனே தள்ளிவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் விரித்து மூடினால் உள்ளீரம் வெளியேறாது. ஈரப்பதம் அளக்கும், உறையிட்ட ஊசி மீட்டரை மூட்டுக்கு அருகே ஆழத்தில் இறக்கிப் பாருங்கள். 16%-க்குக் கீழே வராமல் மேற்பூச்சுக் கான்கிரீட் போடவே கூடாது. அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் ஒலித்தடுப்பு மெத்தை அவசியம். வெறும் பலகை காலடிச் சத்தத்தை அப்படியே கீழே கடத்தும்.

பசை ஒட்டுச் சோதனை அறிக்கையைத் தொகுதிவாரியாகக் கேளுங்கள். 2018-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானத்தின்போது ஒரு பலகையின் அடுக்கு பிரிந்து கீழே விழுந்தது. பசை, அழுத்துவதற்கு முன்பே இறுகியிருந்தது. இதைத் தளத்தில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.