வௌவால் எண்ணப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளிர்காலம் முழுக்கக் குகைகளில் உறங்கிக்கிடக்கும் வௌவால்களை எண்ணும் கணக்கெடுப்புக்கு வரும் புதியவர்களுக்கு ஹெல்மெட் போடு, தனியாக உள்ளே போகாதே என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். அதற்கு அப்புறம்தான் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த கூத்துகளை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள்.

“ஒன்றுகூட அசையவில்லையே!”

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கூரையில் தொங்கும் வௌவால் கொத்துக்கு நேர் கீழே நின்று, தலைவிளக்கை அதன் மேலேயே பாய்ச்சி, 83ஆ 84ஆ என்று இரண்டு பேர் கால் மணி நேரம் வாதாடுவார்கள். தொந்தரவு செய்யாதீர்கள் என்றால் இந்தப் பதில்தான் வரும்.

உடனே எப்படி அசையும்? உடல் வெப்பம் குகையின் குளிரை ஒட்டி இறங்கியிருக்கிறது. இதயம் நிமிடத்துக்குப் பத்து இருபது தடவைதான் துடிக்கிறது. உடம்பு சூடேறிப் பறக்கவே நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். வௌவால் ஆய்வாளர் டொனால்ட் தாமஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஆட்கள் தொடாமல் வந்து போனதற்கே, அரை மணிக்குள் வௌவால்கள் பறப்பது கூடத் தொடங்கியது, பல மணி நேரம் அடங்கவில்லை.

ஒரு குழு உள்ளே விட்டுவந்த குறிப்பேட்டை எடுக்க இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனது. காலையில் சுவரோடு ஒட்டிக்கிடந்தவை தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. “அசையவில்லையே” என்றவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

தானாகவே அவை அவ்வப்போது விழிக்கும், உண்மைதான். சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பங்கு அந்த விழிப்புகளுக்கே செலவாகிறது. வெளியே பூச்சி கிடையாது. நீங்கள் கூடுதலாக எழுப்பியதற்கான கொழுப்பை வசந்தம் வரும்வரை ஈடுகட்ட வழியில்லை. 84ஆ என்ற சந்தேகத்துக்கு இவ்வளவு விலையா?

பெரிய கொத்து என்றால் ஒன்றிரண்டு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். வெளியே வந்து, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூக்கின் மேலும் ஒரு புள்ளி வைத்து எண்ணலாம். அமெரிக்காவின் இந்தியானா வௌவால் போன்றவை ஒரு சதுர மீட்டரில் 3,000க்கு மேல்கூட நெருக்கியடித்துத் தொங்கும். அதை அண்ணாந்து பார்த்து எண்ணி முடித்தவர் யாருமில்லை.

“வெள்ளையாக இருக்கிறது, நோய்தான்!”

பெரும்பாலும் பனித்துளி. ஈரமான குகையில் முடியின் நுனிதோறும் நீர் கோத்து நிற்கும்; விளக்குப் பட்டதும் உடம்பே வெள்ளியாக மின்னும். வெண்மூக்கு நோயின் பூஞ்சை என்றால் மூக்கைச் சுற்றியும் காதிலும் இறக்கைத் தோலிலும் மாவு தூவியதுபோல் இருக்கும். உறுதிசெய்ய முகத்தருகே போகாதீர்கள். படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

போன குகையின் சேறு ஒட்டிய பூட்ஸ்

வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். 2006இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதலில் படமாகப் பதிவான வெண்மூக்கு நோய், வட அமெரிக்காவில் பல லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அந்தப் பூஞ்சையின் வித்துகள் உடையிலும் கயிற்றிலும் பயணம் செய்யும்.

இனத்தை ஊகிப்பது

“இனம் தெரியவில்லை” என்று எழுதுங்கள். போதும்.

“போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டது”

இடுக்குக்குள் இருப்பவை எந்த வருடமும் கணக்கில் வராது. அதே பாதை, ஏறத்தாழ அதே தேதி, அதே அளவு ஆட்கள் என்று இருந்தால்தான் ஒப்பிட முடியும். இந்த முறை குகையின் பக்கக் கிளை ஒன்றை விட்டிருந்தால், எண்ணுக்கு முன்னால் முதலில் அதை எழுதுங்கள்.