ஓய்வு பெற்ற தீயணைப்புப் பம்பை ஓட வைப்பது எப்படி

வைகைக்கும் தீயணைப்புப் படகுக்கும் வெகுதூரம். கள்ளழகர் இறங்குவதற்கே அணையைத் திறக்க வேண்டிய ஆறு இது. இருந்தாலும் பழைய பம்பைப் பழுதுபார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது நியூயார்க்கின் 'ஜான் ஜே. ஹார்வி' படகின் கதையைத்தான். 1931-இல் கட்டப்பட்டது. ஓய்வு கொடுத்த பிறகு 1999-இல் ஏலத்துக்கு வந்ததை ஆர்வலர்கள் சிலர் வாங்கி ஓட வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நிலத்தடிக் குழாய்கள் உடைந்துபோக, ஆற்று நீரை இறைத்துக் கொடுத்த படகுகளில் அந்தக் கிழமும் ஒன்று. பெயின்ட் அடித்துக் காட்சிக்கு நிறுத்தியிருந்தால் அன்று யாருக்கு என்ன பயன்?

எனக்கு வாய்த்தது, செல்லூரில் எடைக்குப் போகவிருந்த இரண்டு சக்கர டிரெய்லர் பம்பு.

வந்த அன்றே ஸ்பானரைத் தொடாதீர்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சிவப்பு பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நீர்த்தாளால் ஈரமாகத் தேய்க்க வேண்டும். அதிலும் ஓரிடத்தில் உள்ளங்கை அகலம் விட்டுவையுங்கள். நான் அவசரக்காரன். மூன்று அடுக்குச் சிவப்புக்கு அடியில் வெள்ளையில் எழுதிய நிலைய எண் இருந்திருக்கிறது; எனக்கு மிஞ்சியது ஒரு '4'-இன் பாதி.

இறுகிப்போன எஞ்சினை டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்பார் மேலூர் மச்சான். கேட்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் பொறுத்து, கையால் சுற்றிப் பாருங்கள்.

பம்பு நீர் ஏற்றவில்லை என்றால், உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் குறை சொல்வதற்கு முன் உறிஞ்சு குழாயின் ரப்பர் வாஷர்களைப் பாருங்கள். ஊசிமுனை அளவு காற்று போனாலும் ஏறாது. கணக்குப்படி பத்து மீட்டர் ஏற வேண்டும். நடைமுறையில் ஏழு மீட்டர் ஏறினாலே நல்ல பம்பு. ஆழமான கிணற்றில் சோதித்துவிட்டு ஏமாறாதீர்கள்.

பம்பின் சுழல் தண்டைச் சுற்றி நீர்க்கசிவை அடைக்கும் பழைய கயிற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். முகமூடி கட்டி, நனைத்து எடுங்கள். புதியதை ஒரேயடியாக இறுக்கிவிடாதீர்கள்: ஓடுகையில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாக வேண்டும். கசியாவிட்டால் கயிறு கருகும்.

பித்தளை முனைகளுக்குப் புளி போதும். பெயர்த் தகட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

மாதம் ஒரு ஞாயிறு ஓட்டுகிறேன். எங்கள் கிணற்று நீர் உப்பு. முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வடிகால் திருகைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போவேன். திரும்பி வரும்போது கடைசிச் சொட்டு விழுந்திருக்கும்.