மின்புலத்தால் நுண்துளி: ஆல்ஜினேட் மணிகள் செய்யும் முறை

ஊசி முனையில் தொங்கும் துளியைப் பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கிறது. முனைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் மின்விசை அதைக் கீழே இழுக்க, துளி சிறிதாக இருக்கும்போதே அறுந்து விழும். இதைப் பழக, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் என்ற பொருள் மிகவும் ஏற்றது. கால்சியம் கரைசலில் விழுந்ததும் துளி அப்படியே இறுகிவிடுவதால், பிறகு நிதானமாக அளக்கலாம்.

கரைசல்கள். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கலக்கிக்கொண்டே 1.5 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். குமிழிகள் வெளியேற ஒரு இரவு விடுங்கள். குழாய் நீர் கூடாது. அதிலுள்ள கால்சியமே ஆல்ஜினேட்டை இறுக்கத் தொடங்கும். இன்னொரு கண்ணாடிப் பாத்திரத்தில் 100 மி.லி. நீருக்கு 1.47 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்.

அமைப்பு. பிளாஸ்டிக் சிரிஞ்சு, 25 கேஜ் தட்டைமுனை ஊசி, சிரிஞ்சு பம்ப். சாய்வாக வெட்டிய மருத்துவ ஊசியில் துளி ஒருபக்கமாக இழுபடும். ஊசி முனை கால்சியம் கரைசலுக்கு 3 செ.மீ. மேலே இருக்கட்டும். உயர் மின்னழுத்த மூலத்தை 20 மெகா ஓம் உயர் மின்னழுத்த ரெசிஸ்டர் வழியாக ஊசியில் இணையுங்கள். கரைசலில் மூழ்கிய கம்பியை எர்த்தில் இணையுங்கள். ரெசிஸ்டர் உங்கள் பாதுகாப்புக்கு: 10 கிலோவோல்ட்டிலும் மூலத்திலிருந்து 0.5 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. தெளிப்புக்கு மைக்ரோ ஆம்பியர் அளவே போதும். சிரிஞ்சில் உள்ள கரைசலும் மின்னேற்றம் பெறும், ஓடும்போது தொடாதீர்கள். முதல் முறை அனுபவமுள்ளவர் உடனிருக்க, ஆய்வகத்திலேயே செய்யுங்கள்.

ஓட்டம். பம்பை மணிக்கு 5 மி.லி. வைத்து, முதலில் மின்னழுத்தம் இல்லாமல் பாருங்கள்: 2 மி.மீ.க்கு மேற்பட்ட துளிகள் மெதுவாக விழும். பிறகு மின்னழுத்தத்தை அரை அரை கிலோவோல்ட்டாக ஏற்றுங்கள். 5 கிலோவோல்ட்டை நெருங்கும்போது துளி கூம்பாகக் குவிந்து, சரசரவென விழத் தொடங்கும். இந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3° என்று இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1964-இல் கணக்கிட்டார். பார்வை மீட்டரில் அல்ல, முனையில் இருக்கட்டும். உஸ்ஸென்ற சத்தமோ நீல ஒளியோ தெரிந்தால் அது கொரோனா, அதாவது முனையைச் சுற்றிய காற்றில் மின்சாரம் கசிவது; உடனே மின்னழுத்தத்தைக் குறையுங்கள்.

பிழைகள். இறுகிய மணியில் வால் முளைத்திருந்தால், உருண்டையாகும் முன்பே துளி கரைசலில் விழுகிறது. உயரத்தைக் கூட்டுங்கள் அல்லது ஆல்ஜினேட்டைக் குறையுங்கள். உயரம் கூடினால் மின்னழுத்தமும் சற்று கூடத் தேவைப்படும். முனை அடைத்தால், தெறித்த கால்சியம் அங்கே ஆல்ஜினேட்டை இறுக்கியிருக்கும். மூலத்தை அணைத்து, எர்த் செய்த கம்பியால் ஊசியைத் தொட்டு மின்னிறக்கிய பின்பே துடையுங்கள். இரு அளவில் மணிகள் வந்தால், பெரிய துளிகளோடு சிறிய துணைத்துளிகளும் விழுகின்றன, மின்னழுத்தத்தை 0.2 கிலோவோல்ட் குறைத்துப் பாருங்கள்.