யாழ்ப்பாணத்தில கழிவுநீர் பொங்கிறதை நிப்பாட்டோணும் எண்டால் எங்க இருந்து தொடங்கிறது

மாரி தொடங்கி ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள நாவாந்துறை, பொம்மைவெளி, வசந்தபுரம், குருநகர் பக்கம் இருக்கிற கனபேருக்கு ஒரே பிரச்சினைதான், ரொய்லெட்டுக்கு ஊத்திற தண்ணி இறங்காது, குழி மேல வரும், முத்தத்தில நிக்கிற வெள்ளத்தோட அது கலக்கும், அதே வெள்ளம் கிணத்துக்கட்டையும் தொடும். வேற நாட்டு நகரங்களில கழிவுநீர் பொங்கிறது எண்டால் ரோட்டுக்குக் கீழ ஓடுற பெரிய குழாய் மழைக்கு நிரம்பி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளிய வாறது. எங்களுக்கு ஊர் முழுக்க ஓடுற குழாயே இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு குழி, கீழ சுண்ணக்கல்லு, அதுக்குள்ள குடிக்கிற தண்ணி. அதாலை வெளிநாட்டுத் திட்ட அறிக்கையை எடுத்து அப்பிடியே இஞ்ச போட்டால் சரிவராது, வேலையிட ஒழுங்கையே மாத்தோணும். மாநகர சபையில இருக்கிறவை, பொறியியல் படிக்கிற பிள்ளையள், வட்டாரத்தில முன்னுக்கு நிண்டு வேலை செய்யிறவை எல்லாருக்குமாத்தான் இதை எழுதுறன்.

முதல் ஏன் இப்ப அவசரம் எண்டு சொல்லுறன். 2010ல ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுக்கு ஒப்புக்கொண்ட யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் துப்புரவுத் திட்டத்தில கழிவுநீர்க் குழாயும் இருந்தது, பேந்து அந்தப் பகுதியைக் கழட்டிப்போட்டு குடிதண்ணியோட மட்டும் போட்டினம். 2024ல தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையம் திறந்தாச்சு, நாளுக்கு 24,000 கனமீற்றர் எடுக்கலாம். நல்ல விசயம், வரத்தான் வேணும். ஆனா குழாய்த் தண்ணி வீட்டுக்குள்ள வந்தால் சனம் கூடப் பாவிக்கும், வாளியால அள்ளிக் குளிச்ச இடத்தில ஷவர் வரும், வோஷிங் மெஷின் வரும், வாற தண்ணியில பெரும்பங்கு கழிவாத்தான் திரும்பப் போகும். போற இடம் அதே பழைய குழி. தண்ணியைக் குடுத்திட்டு கழிவுக்கு வழி விடாட்டி அடுத்தடுத்த மாரியில பொங்கிற வீடுகள் கூடத்தான் செய்யும்.

சரி, தொடங்கிறது எங்க. எண்ணுறதில. ரெண்டர், டிசைன் ஒண்டும் வேண்டாம், முதல் எண்ணுங்கோ. ஒவ்வொரு வட்டாரத்திலயும் ஒவ்வொரு குழியையும் வரைபடத்தில குறிக்கோணும்: அடி மூடின செப்டிக் டாங்க்கோ இல்லை அடி திறந்த குழியோ, எவ்வளவு ஆழம், தன்ர கிணத்துக்கும் பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் எவ்வளவு தூரம், கடைசியா எப்ப கழிவு இழுக்கிற பவுசர் லொறி வந்து இழுத்தது, ஒழுங்கைக்குள்ள பவுசர் போகுமோ போகாதோ. பிஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரும் கிராம சேவையாளர்மாரும் கூட நிண்டால், கம்பஸ் பிள்ளையள் போன் ஒண்டோட வீடு வீடாப் போய்ச் செய்யக்கூடிய வேலை. கோடையில செய்யுங்கோ.

இதில முக்கியமான கேள்வி கடைசியா எப்ப இழுத்தது எண்டதுதான். எங்கட ஆக்கள் பெருமையாச் சொல்லுவினம், "எங்கட குழி இருபது வருசமா நிரம்பேல்லை" எண்டு. அந்த வீட்டைச் சிவப்பில குறியுங்கோ. நிரம்பாத குழி நல்ல குழி இல்லை, அதில போனது எல்லாம் சுண்ணக்கல்லு வெடிப்புக்குள்ளால நிலத்தடித் தண்ணிக்குப் போய்க்கொண்டு இருக்கு எண்டுதான் அர்த்தம். மண் எண்டால் வடிகட்டும், எங்கட கல்லுக்கு அந்தக் குணம் குறைவு, வெடிப்பும் பொந்துமாக் கிடக்கிறதால தண்ணி கெதியா ஓடிடும், கழிவும் அதோட ஓடும். ரெண்டு பரப்புக் காணியில ஒரு பக்கம் கிணறு மறுபக்கம் குழி எண்டு இருக்கிற இடத்தில எவ்வளவு தள்ளித் தோண்டினாலும் பக்கத்து வீட்டுக் கிணத்துக்குக் கிட்டத்தான் போவியள். அதாலை கிணத்துத் தண்ணியையும் மாரிக்கு முதல் ஒருக்கா, மாரிக்குப் பிறகு ஒருக்கா சோதியுங்கோ, நைற்றேற்றும் மலக்கிருமியும். நைற்றேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைச்சிருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டின தண்ணியைப் பால்மாவில கரைச்சுக் கைக்குழந்தைக்குக் குடுக்கக்கூடாது. தோட்டத்துப் பசளையாலயும் நைற்றேற்று வரும், அதாலை அது ஒண்டை மட்டும் வைச்சுக் குழியில பழி போடாதேங்கோ, மலக்கிருமியும் சேர்ந்து நிண்டால்தான் உறுதி.

இன்னொண்டு, காசில்லாமச் செய்யக்கூடியது. வட்டாரத்துக்கு நாலைஞ்சு கிணறு தெரிவு செய்து, கிணத்துக்கட்டில இருந்து தண்ணி மட்டம் எவ்வளவு கீழ நிக்குது எண்டு கிழமைக்கு ஒருக்கா அளந்து எழுதுங்கோ, அண்டண்டு பெய்த மழையையும் பக்கத்தில எழுதுங்கோ. ஒரு மாரி முடிய உங்களுக்கு எந்த இடத்தில எப்ப நிலத்தடித் தண்ணி குழியிட அடிக்கு மேல வருது எண்டு தெரியும். அந்த இடங்களில பவுசர் விட்டு இழுத்தாலும் பயனில்லை, அடுத்த நாளே நிலத்துத் தண்ணி குழிக்குள்ள வந்து நிரப்பிடும். காசு முதல் போகவேண்டியது அந்த இடங்களுக்குத்தான். எந்த அரசியல்வாதி எந்த வட்டாரத்துக்காரர் எண்டு பாத்துப் போகக்கூடாது, அளந்த கணக்கு கையில இருந்தால்தான் அதைச் சபையில நிமிர்ந்து நிண்டு சொல்லலாம்.

எண்ணி முடிஞ்ச பிறகு ரெண்டாவது வேலை, மழைத்தண்ணியைக் கழிவுக்குள்ள போகவிடாமத் தடுக்கிறது. கணக்கு ஒண்டு பாருங்கோ. ஆயிரம் சதுர அடிக் கூரையில 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 4,600 லீற்றர் தண்ணி. ஆளுக்கு நாளைக்கு 100 லீற்றர் கழிவு எண்டு எடுத்தால் நாலு பேர் இருக்கிற வீட்டில 400 லீற்றர். அப்ப கூரைப் பீலியால வாற மழைத்தண்ணியைக் கழிவுக் குழிக்கு விட்ட வீட்டில ஒரு ராத்திரி மழையே பதினொரு நாள் கழிவுக்குச் சமன். பீலியைக் கழட்டி முத்தத்தில தனி மழைநீர்க் குழிக்கோ கிணத்தடிக்குத் தள்ளி நிலத்துக்கோ விடுறதுக்குப் பைப்பும் ஒரு நாள் கூலியும் காணும். குழி மூடியை நிலத்தில இருந்து உயத்திக் கட்டுறதும் அப்பிடித்தான், சின்னச் செலவு, வெள்ளம் உள்ள போகாது. பெரிய வேலைக்கு முதல் இருக்கிறதை ஒழுங்காப் பராமரி, இருக்கிற கொள்ளளவை முழுசாப் பாவி எண்டுதான் அமெரிக்காவில 1994ல வந்த கழிவுநீர்ப் பொங்கல் கொள்கையும் கேக்குது. லண்டன் 25 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆத்துக்குக் கீழ சுரங்கம் தோண்டினது எண்டால், அவையிட பழைய குழாயில மழையும் கழிவும் ஒண்டாப் போகுது, பிரிக்க வழியில்லை. நாங்கள் இன்னும் குழாயே போடேல்லை, தொடக்கத்திலயே ரெண்டையும் பிரிச்சு வைக்கிற வாய்ப்பு எங்களுக்கு இருக்கு, அதை விடக்கூடாது.

வாய்க்காலும் குளமும் இதோட சேர்ந்த கதை. ஆரியகுளம், புல்லுக்குளம் மாதிரிக் குளங்கள் வடிவுக்கு இல்லை, மழையைப் பிடிச்சு வைக்கத்தான். ஆவணி புரட்டாதிக்குள்ள வாய்க்கால் வழிச்சு முடியோணும், ஐப்பசி பிறந்த பிறகு ஜேசிபி கொண்டுவாறது பிந்தின வேலை. வழிக்கேக்க பக்கத்து மதில்களுக்குள்ளால வாற பைப்புகளைப் பாருங்கோ, கனக்க இருக்கும், சிலது குசினித் தண்ணி, சிலது ரொய்லெட். சந்தேகம் எண்டால் வீட்டுக்குள்ள ரொய்லெட்டில கலர்ச் சாயம் ஊத்தி வாய்க்காலில வருதோ எண்டு பாக்கலாம். கண்டுபிடிச்ச உடன தண்டம் அடிக்க ஓடாதேங்கோ. ஒரு வீட்டை நாலு பேருக்கு முன்னால வெக்கப்படுத்தினால் அந்த ஒழுங்கையில ஒரு கதவும் உங்களுக்குத் திறக்காது. ஒரு தவணை குடுங்கோ, மாத்து வழியையும் கையில வைச்சுக்கொண்டு போங்கோ. அந்த வாய்க்கால் போய் முடியிறது கடல்நீரேரியில, நண்டும் இறாலும் பிடிக்கிற குருநகர், பாசையூர் ஆக்களிட வயித்துப்பிழைப்பில, அதை இருந்து கதைச்சுச் சொன்னால் சனம் விளங்கும்.

மூண்டாவது பவுசர். எங்கட ஊரில கழிவுநீர்த் திட்டத்திட நடு இதுதான், ஆனா ஒருத்தரும் பெரிசாக் கதைக்கிறேல்லை. இப்ப நடக்கிறது என்னெண்டால் பொங்கின பிறகு போன் அடிக்கிறது, கார்த்திகையில எல்லாரும் ஒரே நேரம் அடிப்பினம், பவுசர் காணாது. இதை மாத்தி, மூண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைச்சு, கோடையில போய் இழுக்கோணும், காசை மாதாமாதம் சின்னத் தொகையா வாங்கோணும். ஒழுங்கைக்குள்ள போகாத இடத்துக்குச் சின்ன டாங்க்கும் நீட்டு ஹோசும். ஒவ்வொரு லோட்டும் எந்த வீட்டில எடுத்தது, எத்தினை லீற்றர், எங்க கொட்டினது எண்டு எழுதுப்படோணும். தனியார் பவுசர்காரருக்கான காசில ஒரு பங்கைக் கொட்டிற இடத்தில லோட்டை அளந்து வாங்கின பிறகு குடுங்கோ, அப்ப வழியில காணிக்குள்ளயோ வாய்க்காலுக்குள்ளயோ திறந்து விடுற எண்ணம் வராது.

கொட்டிற இடமும் சும்மா ஒரு பள்ளம் இல்லை. குழியில இழுத்த கழிவு சாதாரண கழிவுநீரை விடப் பல மடங்கு கடுமையானது, அதைக் காயவைக்கிற பாத்தி, பிறகு வடிஞ்ச தண்ணியைச் சுத்தம் செய்யிற தொட்டி எல்லாம் வேணும், அடி கசியாமலும் இருக்கோணும். ஒண்டைக் கவனியுங்கோ: திறந்த பாத்தி மாரியில காயாது, அந்த நேரம்தான் லோட்டும் கூட வரும், அதாலை கூரை போட்ட பாத்தி. சுத்தம் செய்த தண்ணியைக் குளம், வாய்க்கால் மாதிரி உள்நாட்டு நீர்நிலைக்கு விடேக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையிட எல்லை, பிஓடி (தண்ணியில மிச்சம் இருக்கிற அழுகிற கழிவைக் காட்டுற அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராம், அதுக்குள்ள நிக்கோணும். குழியிட அடியை மூடச் சொல்லிச் சனத்தைக் கேக்கிறதும் இந்தச் சேவை வந்த பிறகுதான் நியாயம், ஏனெண்டால் அடி மூடின டாங்க் கெதியா நிரம்பும், இழுக்க வழியில்லாமல் மூடச் சொன்னால் சனம் ராத்திரியோட ராத்திரியா ஓட்டை போடும்.

இதெல்லாம் ஓடத் தொடங்கின பிறகுதான் குழாய். எல்லா இடத்துக்கும் வேண்டாம். குருநகர் தொடர்மாடி, ஆஸ்பத்திரியைச் சுத்தின பகுதி, பஸ்ராண்ட், சந்தை, ஹொட்டல் ரோட்டு, நிலத்தண்ணி மேல நிக்கிற தாழ்வு வட்டாரங்கள், இவ்வளவும் முதல். எங்கட நிலம் தட்டை, குழாய்க்குச் சரிவு வேணும். 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு எண்டு போட்டால் ஒரு கிலோமீற்றர் போகேக்க 5 மீற்றர் கீழ இறங்கிடும், அதுவும் கல்லு உடைச்சு, நிலத்தண்ணிக்குள்ள. இறுக்கமில்லாத மூட்டுக்குள்ளால வருசம் முழுக்க நல்ல தண்ணி உள்ள போகும், பம்ப் அதைத் தூக்கிக்கொண்டு நிக்கும், மாரியில பொங்கும். அதுக்காக ஒரு வழி, வீட்டு செப்டிக் டாங்க்கை வைச்சுக்கொண்டு தெளிஞ்ச தண்ணியை மட்டும் சின்னக் குழாயில ஆழமில்லாமக் கொண்டுபோறது. எனக்கு எங்கட ஒழுங்கையளுக்கு அதுதான் பொருத்தம் எண்டு படுது, ஆனா டாங்க்கை முறைக்கு இழுக்காட்டி அதுவும் அடைக்கும். ஹொட்டல்காரர் ஒவ்வொருத்தரும் எண்ணெய் பிடிக்கிற தொட்டி வைக்காமல் இணைப்புக் குடுக்காதேங்கோ.

பம்ப் நிலையம் கட்டேக்க 2008 நிஷா, 2020 புரெவிப் புயல் வெள்ளம் எவ்வளவு உயரம் நிண்டது எண்டு அந்த இடத்துச் சனத்தைக் கேட்டு, அதுக்கு மேல மின்பெட்டியை வையுங்கோ. ஒரு பம்ப் ஓட ஒண்டு சும்மா நிக்கோணும். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது, டீசலும் இல்லை, அதாலை ஜெனரேற்றரோட நில்லாமல் சில மணித்தியாலக் கழிவைப் பிடிச்சு வைக்கிற தொட்டியும் வேணும். குழாய் போட்டாச்சு எண்டு நாடா வெட்டிப்போட்டு வீட்டு இணைப்புக்குக் காசில்லாமல் நிக்கிறது கனக்க இடத்தில நடக்கிறது, மதிலுக்கு உள்பக்க வேலையையும் திட்டச் செலவுக்குள்ளயே போடுங்கோ. கொந்தராத்துக்காரருக்குப் போட்ட மீற்றர் கணக்குக்கு முழுக்காசு குடுக்காமல், கசிவு சோதிச்சு, வீடுகள் இணைச்ச பிறகு மிச்சம்.

நிர்வாகம் பற்றிச் சுருக்கமா. மாநகர சபை, வோட்டர் போர்ட், வீதி அபிவிருத்தி அதிகார சபை, கரண்ட், ரெலிபோன் எல்லாரையும் மாசத்துக்கு ஒருக்கா ஒரு மேசையில இருத்தி, கையெழுத்துப் போடுற அதிகாரம் உள்ள ஒராளை அதுக்குத் தலைமை வையுங்கோ, ரோட்டை ஒருக்காத்தான் கிண்டுறது. தையில இருந்து புரட்டாதி வரை கிண்டல், நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கம் கைவைக்கிறேல்லை, ஐப்பசிக்குப் பிறகு திறந்த கிடங்கு ஒண்டும் இருக்கக்கூடாது. கடன் தாறவையோட கதைக்கேக்கயே பத்து வருசப் பராமரிப்புக் காசு எங்க இருந்து எண்டு எழுதி வையுங்கோ.

ஒண்டில மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ. குழிக்குள்ளயோ மான்ஹோலுக்குள்ளயோ ஆளை இறக்கக்கூடாது. உள்ள நிக்கிற வாயு ஒரு மூச்சில ஆளை விழுத்தும், விழுந்தவரைத் தூக்க இறங்கிற ரெண்டாவது ஆளும் அங்கேயே போயிடும், அது அண்ணனோ மகனோவா இருக்கும். தவிர்க்கேலாத இடத்தில காத்து ஊதிற மெஷின், வாயு அளக்கிற மீற்றர், மேல தூக்கிற முக்காலியும் கயிறும், மேல நிக்க ரெண்டு பேர். இதுக்கான காசை ரெண்டரில தனி வரியா எழுதுங்கோ, விலை குறைக்கேக்க ஒருத்தரும் அதில வெட்டேலாத மாதிரி.

கடைசியா, திட்டம் வேலை செய்யுதோ எண்டு சனத்துக்குக் காட்டுங்கோ. ஒவ்வொரு மாரி முடியவும் எத்தினை இடத்தில பொங்கினது, எத்தினை மணித்தியாலம், எந்த வட்டாரக் கிணத்தில நைற்றேற்று எவ்வளவு எண்டு சபை வாசலிலயும் வட்டார வட்ஸ்அப்பிலயும் போடுங்கோ. அந்த வருச மழையைப் பக்கத்தில போட மறக்காதேங்கோ, மழை குறைஞ்ச வருசத்தில எந்தத் திட்டமும் நல்லாத்தான் தெரியும், அதே அளவு மழைக்குப் போன முறை பொங்கின இடம் இந்த முறை பொங்கினதோ எண்டதைத்தான் பாக்கோணும்.