நடுவயதில் மீண்டும் சைக்கிள்: நீண்ட இடைவெளிக்குப் பின் ஏறுபவர்களுக்கு

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் சைக்கிளைத் தொடாதவர்கூட மறுபடி ஏறினால் சில நிமிடங்களில் தடுமாற்றம் நின்று வண்டி நேராக ஓடத் தொடங்கிவிடுகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. உடல் மறக்காமல் வைத்திருப்பது சமநிலையை மட்டும்தான். முழங்காலும் கழுத்தும் இடுப்பும் இந்த வேலையை விட்டு வெகுகாலமாகிவிட்டது. ஆனால் வண்டி ஓடியதுமே மனம் பழைய வேகத்தைக் கேட்கிறது. முதல் மாதத்திலேயே சைக்கிளை மறுபடி மூலையில் சாத்திவிடுபவர்களில் பலர் சோம்பலால் அப்படிச் செய்வதில்லை. முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறி ஓட்டி, வலியை வாங்கிக்கொண்டதால்தான் நிறுத்துகிறார்கள். ஆகவே வண்டியையும் பழக்கத்தையும் இன்றைய உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதே முதல் வேலை.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும், நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலும், தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு மருந்தால் அடக்கப்பட்டிருக்கும் என்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து உழைப்பை அளக்க இயலாது. அவர்களுக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் பொருந்தும் எளிய அளவுகோல் பேச்சு: ஓட்டிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி, சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்கினால் அதிகம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இல்லாமல் கிளம்பக் கூடாது.

வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் அதைத் துடைத்துக் காற்றடித்த உடனே சாலையில் இறக்கிவிடக் கூடாது. நீண்ட நாள் நின்ற டயர், காற்றைப் பிடித்து நிற்கிறது என்பதற்காக நல்ல டயர் ஆகிவிடாது. பக்கச்சுவரைச் சற்று மடக்கிப் பார்த்தால் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். பிரேக் கட்டைகள் இறுகிக் கல்லாகியிருக்கும், பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டால், அச்சில் இருக்கும் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள். செயினின் தேய்மானத்தை ஓர் அளவுகோலாலேயே கண்டுபிடிக்கலாம். செயினின் ஒவ்வொரு முளைக்கும் இடையே அரை அங்குலம் இருப்பதால், ஒரு முளையைச் சுழியமாகக் கொண்டு, அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் இருபத்துநான்காவது முளை சரியாக 12 அங்குலத்தில் அமைய வேண்டும். அது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் செயினை மாற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பற்சக்கரங்களையும் அது தேய்த்துவிடும். சட்டகம் துருவேறாமல் உறுதியாக இருக்குமானால் இவற்றையெல்லாம் மாற்றிப் பழைய வண்டியையே ஓட்டலாம்.

புதிதாக வாங்குபவர்கள் எடை குறைந்த பந்தய சைக்கிளின் அழகில் மயங்காமல் இருப்பது நல்லது. முதுகை வெகுவாகக் குனிய வைக்கும் வண்டி, கழுத்தை அதே அளவுக்கு நிமிர்த்த வைக்கும். ஓரளவு நிமிர்ந்து உட்காரும் அமைப்பும், சற்று அகலமான டயரும், மேட்டில் தயங்காமல் ஏற உதவும் தாழ்ந்த கியரும் இருந்தால் போதும். காலைத் தூக்கிப் போட இடுப்பு இடம் கொடுக்காதவர்களுக்கு நடுக்கம்பி தாழ்ந்த சட்டகம் ஏற்றது. அதைப் பெண்களுக்கான வண்டி என்று ஒதுக்குவது வீண் வீம்பு.

இனி, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான இருக்கையின் உயரத்துக்கு வருவோம். நீண்ட நாள் கழித்து ஏறுபவர்களில் பெரும்பாலோர் பயத்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும்படி இருக்கையை இறக்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அது நியாயமே. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச் சிப்பியின் மேல் அழுத்தம் கூடி, வலி தொடங்கிவிடும். சரியான உயரத்தைக் காண, சுவரை ஒரு கையால் பிடித்தபடி இருக்கையில் நேராக உட்கார்ந்து, பெடலை அதன் அடிநிலைக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் முழுமையாக நீண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது விரல்களுக்குப் பின்னுள்ள அகன்ற பகுதியால் மிதிப்பீர்கள் என்பதால், அதே உயரத்தில் முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். தற்போதைய உயரத்தைக் கம்பியில் குறித்துவைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை ஐந்து மில்லிமீட்டராக உயர்த்திக்கொண்டு போகலாம். இருக்கைக் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது. முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாகவும், பின்புறம் வலித்தால் உயரமாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இருக்கை உயர்ந்தபின் நிறுத்தும் முறையும் மாற வேண்டும். உட்கார்ந்தபடியே காலை நீட்டித் தரையைத் தேடாமல், வண்டி நிற்கப்போகும் தருணத்தில் ஒரு பெடலின் மேல் எடையை ஊன்றி எழுந்து, இருக்கைக்கு முன்னால் இறங்கி, மறு காலைத் தரையில் வைக்க வேண்டும். போக்குவரத்து இல்லாத திறந்தவெளியில் இதைக் கை பழகும்வரை செய்து பார்ப்பது அவசியம்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு பயிற்சிகள் உண்டு. ஒன்று, வண்டி விலகாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. கழுத்து இறுகியவர்கள் தலையைத் திருப்பும்போது தோளும் கையும் சேர்ந்து திரும்பிவிடுவதால், வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். கழுத்து இடம் கொடுக்காவிட்டால் ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி பொருத்திக்கொள்ளலாம். மற்றொன்று பிரேக். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்திடமே இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவரின் சக்கரம் வழுக்கும், வண்டி நிற்காது. உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். இன்றைய டிஸ்க் பிரேக்குகள் ஒரு விரல் அழுத்தத்துக்கே வண்டியை நிறுத்தக்கூடியவை. பழைய கம்பி பிரேக்கை நினைத்து முழுக்கையால் பிடிப்பவர் முன்னால் குப்புற விழ நேரலாம். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் கண்ணை மட்டும் தாழ்த்திக் கீழ் வில்லை வழியே சாலையைப் பார்த்தால் குழியின் தூரத்தைத் தவறாகக் கணிக்க நேரிடும் என்பதால், தலையையே சற்றுத் தாழ்த்தி மேல் வில்லை வழியே பார்ப்பது நலம்.

தொடக்க வாரங்களில் தூரத்தை அல்ல, நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமதளத்தில் பதினைந்து இருபது நிமிடம் போதுமானது. மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்கள் தேற அதைவிட நெடுங்காலம் பிடிக்கும் என்பதால், "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று தோன்றும் நாளிலேயே காயம் நேர்கிறது. வாரத்துக்கு முந்தைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது பாதுகாப்பானது. கனமான கியரில் ஊன்றி மிதிப்பதைவிட, தாழ்ந்த கியரில் நிமிடத்துக்கு எழுபது முதல் தொண்ணூறு சுற்றுவரை இலேசாக மிதிப்பது முழங்காலைக் காக்கும்.

உட்காருமிடத்தில் முதல் சில நாள்கள் வலிப்பது இயல்பு, அது தானே மறையும். அதற்காக மெத்தென்ற தடித்த இருக்கை வாங்குவதில் பயனில்லை. மென்மையில் புதையும் உடல், இடுப்பெலும்பின் இரு முனைகளால் தாங்கப்படாமல் நடுப்பகுதியில் அழுந்துகிறது. ஆனால் அந்தரங்கப் பகுதியில் மரத்துப்போனால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இருக்கையின் சாய்வையோ வடிவத்தையோ மாற்ற வேண்டும். கைவிரல்கள் மரத்துப்போனால் உடல் எடை கைகளில் விழுகிறது என்று கொண்டு, ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். மேலும், சைக்கிள் ஓட்டும்போது உடலின் எடையைத் தாங்குவது இருக்கையே என்பதால் எலும்புக்கு வலுவேறுவது குறைவு. நடையையும் தசைப் பயிற்சியையும் கைவிட்டுவிடாதீர்கள்.

சாலையில் இறங்கும்போது, நிறுத்திவைக்கப்பட்ட கார்களை ஒட்டிப் போகாமல், திடீரெனத் திறக்கும் கதவு எட்டாதபடி ஒரு மீட்டராவது விலகி, நேர்க்கோட்டில் ஓட்ட வேண்டும். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் அமர வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்குத் தண்ணீர், மாற்று டியூப், சிறு பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல் ஆகியவை கையில் இருக்கட்டும். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே ஒருமுறை அவசரமின்றிச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். காற்று வீசும் நாளில் எதிர்க்காற்றில் கிளம்பினால், களைத்துத் திரும்பும்போது காற்றே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.