மூத்தோர் பராமரிப்பு மனு: எழுதுவதற்கு முன்பும் பின்பும்

பிள்ளைகள் கவனிக்காத முதியவருக்காக மனு எழுத முன்வருபவர், முதலில் அவரைத் தனியே அமரவைத்து, அவருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். "அவனை ஜெயில்ல போட்டுடாதீங்க" என்பதே பலரிடமிருந்து வரும் முதல் பதில். மாதத் தொகை கேட்பதும், எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்பதும் வெவ்வேறு கோரிக்கைகள்; அக்கம்பக்கத்தாரின் கோபத்தை மனுவில் ஏற்றிவிட்டால், விசாரணையன்று முதியவரே பின்வாங்கிவிடுவார்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். பெற்றோராக மனுச் செய்ய அந்த வயது வரம்பும் இல்லை. பிள்ளை இல்லாதவர், தமது சொத்தை அனுபவிக்கும் அல்லது அதற்கு வாரிசாகவிருக்கும் உறவினர் மீது மனுச் செய்யலாம். இம்மனுக்களை விசாரிப்பது தீர்ப்பாயம்; தமிழ்நாட்டில் கோட்டாட்சியரே அதன் தலைவர். முதியவர் வசிக்கும் இடத்திலோ, பிள்ளை வசிக்கும் இடத்திலோ மனுவைக் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, விரும்பினால் பராமரிப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலரே அவர் சார்பில் பேசுவார்.

தொகை கேட்கும்போது கணக்கோடு கேட்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் மருந்துக்கடை ரசீது, வாடகை, பால், மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோ கட்டணம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மனு நிலுவையில் இருக்கும்போதே இடைக்காலத் தொகையும் கேட்க வழியுண்டு. அதைப் பலர் கேட்பதே இல்லை.

வீட்டை எழுதிக் கொடுத்தவர் என்றால், பத்திரத்தைக் கையில் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். நம் ஊர் தான செட்டில்மெண்ட் பத்திரங்களில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற வரி பெரும்பாலும் இருக்காது. சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்து, அது மீறப்பட்டால் மட்டுமே பத்திரத்தைச் செல்லாததாக்கும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது. ஆனால் 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், தானப் பத்திரம் எழுதிய அதே நாளில் மகன் தனித்தாளில் கொடுத்த உறுதிமொழியையும் கருத்தில் கொண்டு பத்திரத்தை ரத்துசெய்தது. ஆகவே பத்திரத்தோடு நின்றுவிடாமல், அந்நாளில் எழுதிய கடிதமோ, சாட்சிக் கையெழுத்திட்டவர்களின் நினைவோ உண்டா என்று துருவிப் பாருங்கள். இனிமேல் எழுதிக் கொடுக்க இருப்பவரிடம் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வதே, என் கணிப்பில், பத்து மனுக்களுக்குச் சமம்.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்பது விதி. விதிவிலக்காக 30 நாள் நீட்டிக்கலாம். இடையில் சமரச அலுவலரிடம் அனுப்பக்கூடும். அங்கே வாய்மொழி வாக்குறுதியை ஏற்காமல், தேதியும் தொகையும் எழுதி வாங்க வேண்டும். உத்தரவு பாதகமாக வந்தால், 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உத்தரவு வந்த பிறகும் பணம் நின்றுபோவதுண்டு. தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால்தான் அதை வசூலிக்க வாரண்டு பிறப்பிக்க முடியும் என்பதால், தொகையை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, மாதாமாதம் பாஸ்புக்கில் வரவு பதிந்து வையுங்கள்.